பாப்பாவுக்குப் பெயர் வைக்கப் போனேன்

என் தம்பி மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை. பினாங்கில் இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அப்பனுக்குத்தான் கோளாறு. அவன் கட்சிக்காரன்.

எங்கள் பக்கத்துக் கட்சிக்காரர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. கல்யாணம் என்றால் தாலியைத் தலைவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளை பிறந்தால் தலைவர் பெயர் வைக்க வேண்டும். பிரச்சார வேனை மறித்துப் பச்சைப்பிள்ளையை மேலே தூக்கிக் கொடுப்பார்கள். தலைவர் மைக்கில் ஒரு பெயரைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். அன்றைக்கு அவர் வாயில் எது வருகிறதோ அதுதான் அந்தப் பிள்ளைக்குச் சாகும்வரைக்கும். தலைவர் வரத் தாமதமானால் பிள்ளை காத்திருக்கும். ஆறு மாதம் காத்திருந்த பிள்ளைகளை எனக்கே தெரியும்.

என் தம்பி ஏழுமலை மீசை முளைக்கும் முன்பே கட்சிக்குப் போனவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவே நேரமில்லாமல் போஸ்டர் ஒட்டி, கோஷம் போட்டு, நாற்பது வயதுக்கு மேல்தான் சுமதியைக் கட்டினான். அந்தக் கல்யாணத்துக்குத் தலைவரே வந்தார். நானும் பினாங்கிலிருந்து போயிருந்தேன். தலைவர் மைக்கைப் பிடித்து, "ஏழுமலையோட மொதல் கொழந்தைக்கு நான்தான் பேரு வெப்பேன். வேற யாராச்சும் வெச்சா எனக்குக் கோவம் வரும்" என்று சொன்னார். பந்தலே சிரித்தது. வேடிக்கைக்குச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்தது, ஏழுமலையைத் தவிர.

பிள்ளை பிறந்தபோது தலைவர் படுக்கையில் இருந்தார். இவன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய் அவர் வீட்டு கேட்டில் நின்றான். ஐயாவுக்கு முடியவில்லை, அப்புறம் வா என்றார்கள். இரண்டாம் முறை போனபோது கேட்டையே திறக்கவில்லை. பிறகு ஒருநாள், அத்தனை வருடம் கட்சியை ஆண்ட மனிதர், போதும் என்று ஒரு அறிக்கை விட்டுவிட்டு வெளிநாட்டிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கட்சி அவருடைய தம்பி மகன் கைக்கு வந்தது. அவரைச் சின்னவர் என்கிறார்கள். இந்த நாடாளுமன்றத் தேர்தல்தான் தலைவர் இல்லாமல் வருகிற முதல் தேர்தல்.

சுமதி போன் பண்ணியபோது நான் கடையில் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிற இடம் காலியாக இருந்தால் எங்கே சேர்ப்பது என்று அழுதாள். "அண்ணி, நீங்க அத்தை. எங்களவிட உங்களுக்குத்தான் உரிம ஜாஸ்தி. வந்து ஒரு பேர வெச்சிட்டுப் போயிடுங்க. நீங்க சொன்னா அவரு கேப்பாரு." எங்கள் பக்கம் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்வது அத்தைதான். அந்த உரிமையை விட்டுக்கொடுத்து ஐந்து வருடமாகச் சும்மா இருந்தது என் மானக்கேடு. கடையை மகனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். மனதில் ஒரு பெயரையும் எடுத்துக்கொண்டேன். அஞ்சலை. எங்கள் அம்மாவின் பெயர்.

சென்னையில் இறங்கிக் கார் பிடித்து வந்தேன், செஞ்சி தாண்டியதும் பறக்கும் படை நிறுத்தியது. தேர்தல் நேரத்தில் பணம், பரிசுப்பொருள் கடத்துகிறார்களா என்று பார்க்கிறவர்கள். என் பெட்டியைத் திறந்தார்கள். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரே நிறத்தில் ஒரு கட்டுத் துண்டுகள் வாங்கிவைத்திருந்தேன். மலிவாகக் கிடைத்தது, நான் என்ன கண்டேன், அது ஒரு கட்சிக்கொடியின் நிறமாம். யாருக்கு விநியோகம் பண்ணப்போகிறீர்கள் என்று ஒரு அதிகாரி கேட்டார். என் நாத்தனாருக்கும் ஓரகத்திக்கும் என்றேன். எந்த வார்டு என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டி, எனக்கு இந்த நாட்டில் ஓட்டே இல்லை, நான் யாரை ஜெயிக்கவைத்து என்ன செய்யப்போகிறேன் என்று கத்தின பிறகுதான் விட்டார்கள். துண்டுகளை வீடியோ எடுத்துக்கொண்டார்கள். டிரைவர் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அடி அண்ணாமலையில் தம்பி வீடு கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. போய் இறங்கியதும் பிள்ளை ஓடிவந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். உன் பேர் என்னடி என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். "பாப்பா" என்றாள். அந்தத் தெருவில் இன்னும் மூன்று பாப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் வேறு பெயர் உள்ளவர்கள், செல்லத்துக்குப் பாப்பா. இவள் நிஜப் பாப்பா. பால்வாடியில் இவளை ஏழுமலை பாப்பா என்பார்களாம். ஆயா பாப்பா என்று கூப்பிட்டால் நான்கு பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும், மற்ற மூன்றும் விளையாடப் போய்விடும், இவள் மட்டும் போய் நிற்பாள்.

மறுநாள் காலை சுமதி இட்லிக்கு மல்லாட்டைச் சட்னி அரைத்திருந்தாள். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். பினாங்கில் நான் எத்தனை முறை அரைத்தும் அந்த ருசி வந்ததில்லை. அது கல்லாலா, தண்ணீராலா, என் கைவாகு கெட்டுவிட்டதா தெரியவில்லை. பசியாறிவிட்டாயா என்று ஏழுமலையைக் கேட்டேன். மலேசியாவில் காலை உணவுக்கு அப்படித்தான் சொல்வோம். "நாஷ்டா ஆச்சானு கேளுக்கா. இன்னாமோ பாடம் படிக்கிற மாதிரி பேசறே" என்று சிரித்தான். அவன் அப்படிச் சிரித்தது அந்தப் பயணத்திலேயே அந்த ஒருமுறைதான்.

சிரித்த கையோடு நான் விஷயத்தை எடுத்தேன். பொறுமையாகக் கேட்டான். அப்புறம் சொன்னான், "தலைவர் வாக்கு குடுத்திருக்காருக்கா." தலைவர்தான் ஊரைவிட்டே போய்விட்டாரே என்றேன். "நீயும் வெளிநாட்டுலதானே இருக்கே, போய்ப் பாத்து ஒரு பேரு கேட்டுட்டு வந்திருக்கலாமில்ல?" என்றான். வெளிநாடு என்றால் அவனுக்கு ஒரே தெரு போலிருக்கிறது. அவர் இருக்கும் இடத்துக்கும் பினாங்குக்கும் விமானத்திலேயே ஒரு நாளாகும் என்று சொன்னேன். அவனுக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் அசரவில்லை. சின்னவர் இந்த வாரம் ஊருக்கு வருகிறார், மாவட்டச் செயலாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், வேனில் வைத்துச் சின்னவரே பெயர் வைப்பார், இரண்டு பேருக்கும் ஓடுவது ஒரே ரத்தம்தானே என்றான்.

சுமதி அடுப்பங்கரையிலிருந்து என்னைப் பார்த்தாள். இன்னும் நாலு நாள்தானே அண்ணி, வைத்துத் தொலைக்கட்டும், எப்படியோ பிள்ளைக்குப் பெயர் வந்தால் சரி என்று பிறகு சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நாலு நாள்தானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மாலை டவுனுக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். ஒரே இரைச்சல். ஒவ்வொரு ஆட்டோவிலும் ஒரு ஒலிபெருக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வாக்குறுதி. நான் ஏறிய ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஒரு பிரச்சார ஆட்டோ வந்தது. கோவிலைச் சுற்றி வழியைத் திருப்பிவிட்டிருந்ததால் அதன் சின்னத்தைக் காதில் வாங்கிக்கொண்டே அரைமணி நேரம் ஊர்ந்தோம். பினாங்கில் ஓட்டுப் போட்ட இரவே யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துவிடும். இங்கே பெட்டியைப் பூட்டிவைத்து வாரக்கணக்கில் காவல் காப்பார்கள். அவ்வளவு நாளும் தோற்றவனும் ஜெயித்தவன் மாதிரி நடந்துகொள்ளலாம். அது ஒரு வசதி.

அன்வர் பாய் கடைக்குப் போனேன். ஏழுமலையின் சிநேகிதர், தையல்காரர், கட்சிக் கொடிகள் தைப்பவர். உள்ளே கொடிகள் மலை மாதிரி கிடந்தன. இரண்டு கட்சிக் கொடிகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஒன்று எங்கள் தம்பி கட்சியுடையது. இன்னொன்றைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கொடிக்காரர்கள்தான் ஏழுமலையின் காலை உடைத்தவர்கள்.

அந்தக் கதையை ஊரே அறியும். பல வருடங்களுக்கு முன்னால் பூங்காவனம் ரைஸ் மில் வாசலில் கூலித் தகராறு. மில்லுக்காரர் அந்தக் கட்சியின் பெரிய ஆள். ஏழுமலை கட்சி சார்பாகக் கூலிக்காரர்களோடு நின்று, பூங்காவனம் மில் ஒழிக என்று கோஷம் போட்டான். நல்ல குரல் அவனுக்கு, மூன்று தெருவுக்குக் கேட்கும். மில்லிலிருந்து ஆட்கள் கட்டையோடு வந்தார்கள். அன்வர் பாய்தான் அவனைத் தள்ளுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இடதுகால் சரியாகச் சேரவே இல்லை. இன்றைக்கும் விந்தி விந்திதான் நடக்கிறான்.

சின்னவர் கூட்டணி வைத்துவிட்டார் என்று அன்வர் பாய் சொன்னார். இந்தத் தொகுதியை அவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். வேட்பாளர் அதே மில்லுக்காரர். ஏழுமலைக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமா தங்கச்சி. ஊரு பூரா அந்தாளுக்கு ஓட்டு கேட்டுட்டுத் திரியறான். நோட்டீஸ் குடுக்கறான். குடுக்கும்போது அந்த மொகத்த மட்டும் பாக்க மாட்டான், மடிச்சுக் குடுப்பான்." அன்வர் பாய் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "நான் தையக்காரன். எனக்கு எந்தக் கொடின்னாலும் மீட்டர் கணக்கு. அவனுக்கு அப்படியில்ல. தலைவர் போனதிலர்ந்து அவனுக்குப் புடிச்சுக்க ஒண்ணுமே இல்ல. கட்சியையும் விட்டா இன்னா பண்ணுவான்?"

அவர் வீட்டில் பிரியாணி போட்டார்கள். கத்திரிக்காய்த் தொக்கும் நல்லா இருந்தது. வீட்டுக்கு வந்து ஏழுமலையிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சின்னவர் வருகிற நாள். காலை பத்து மணிக்கு என்றார்கள். நான் கொண்டுவந்த பட்டுப்பாவாடையைப் பிள்ளைக்குக் கட்டி, பூ வைத்து, ஒன்பதுக்கெல்லாம் தேரடித் தெரு முனையில் நின்றோம். பத்து போனது, பன்னிரண்டு போனது. போன கூட்டத்தில் லேட், வந்துகொண்டே இருக்கிறார் என்று மைக்கில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மலை அடுப்பு மாதிரி காய்ந்தது. பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்றாள். சுமதி மோர் வாங்கிக் கொடுத்தாள். ஏழுமலை பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு உடைந்த காலோடு அத்தனை நேரமும் நின்றான். இறக்கிவிடு என்றால் கேட்கவில்லை. வேன் வரும்போது பிள்ளை உயரத்தில் இருந்தால்தான் கண்ணில் படும் என்றான்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்னிடம் ஊர்க் கதை பேசினார். தலைவர் இருந்தபோது வேனில் இருந்தே ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்வாராம். சின்னவருக்கு யாரையும் தெரியாது, போன் பார்ப்பார் என்றார். ஏழுமலை காதில் விழுந்தும் விழாதவன் மாதிரி இருந்தான்.

மாலை நான்கு மணிக்கு மேல் வேன் வந்தது. மேளம், பட்டாசு, தள்ளுமுள்ளு. வேனின் கூரைக்கு மேல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சின்னவர். பக்கத்திலேயே வேட்பாளர், அந்த மில்லுக்காரர். இரண்டு பேர் கழுத்திலும் ஒரே மாலை. ஏழுமலை ஒரு நொடி நின்றான். அவர் வேறு வண்டியில் வருவார் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்களாம். பிறகு பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் விந்தி விந்திப் போனான். தலைவர் வாழ்க, சின்னவர் வாழ்க என்று அந்தப் பழைய குரலில் கத்தினான். மாவட்டச் செயலாளர் பார்த்துச் சைகை காட்ட, கை மாற்றிக் கை மாற்றிப் பிள்ளை மேலே போனாள்.

கைக்குழந்தை என்று நினைத்துச் சின்னவர் கையை நீட்டியிருக்கிறார். வந்தது நன்றாக வளர்ந்த ஒரு பெண்பிள்ளை. தூக்க முடியாமல் கூரைமேல் நிற்கவைத்தார். "இவ்ளோ பெரிய கொழந்தைக்கா இன்னும் பேரு வெக்கல?" என்று மைக்கில் கேட்டார். கூட்டம் குபீரென்று சிரித்தது. என் பக்கத்தில் சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பில்லை.

எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்த மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், என்ன பேர் வைக்கட்டும் என்று. கேட்கவில்லை. அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் மைக்கைக் கொடுத்து, "அண்ணன் வெக்கட்டும். இது நம்ம கூட்டணிக் கொழந்த" என்றார். மில்லுக்காரர் அதை எதிர்பார்க்கவில்லை. பிள்ளையின் தலையில் கைவைத்தார். அவருக்குக் கண் கலங்கியதைப் பார்த்தேன். நடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

"எங்கம்மா பேர வெக்கறேன். பூங்காவனம்."

மேளம் அடித்தார்கள். பூங்காவனம் ரைஸ் மில், பூங்காவனம் கல்யாண மண்டபம், பூங்காவனம் பஸ் சர்வீஸ் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான், அந்த அம்மாள் பெயர். பிள்ளையை மறுபடி கை மாற்றிக் கீழே அனுப்பினார்கள். ஏழுமலை வாங்கிக்கொள்வதற்காகக் கையைத் தூக்கியபடியே நின்றான். வாங்கிக்கொண்டான். வேன் போய்விட்டது. யாரோ வந்து அவன் முதுகில் தட்டி, ஏழுமலை கொடுத்துவைத்தவன்யா என்றார்கள். அவன் தலையை ஆட்டினான்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது பிள்ளை மெதுவாக, வாய்க்குள்ளேயே, பூங்காவனம் பூங்காவனம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை நான் ஒரு முடிவோடு எழுந்தேன். காப்பி குடித்துவிட்டு ஏழுமலையை எதிரில் உட்காரவைத்தேன். மைக்கில் சொன்னது காற்றோடு போச்சு, யாரும் எழுதிவைக்கவில்லை, நான் இப்போதே பிள்ளையைக் கோவிலுக்குக் கூட்டிப்போய்க் காதில் பெயர் சொல்லப்போகிறேன், அம்மா பெயர், அஞ்சலை, நீ தடுத்தால் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். நான் கோபத்தில் பேசினால் நிறுத்தத் தெரியாது. வெட்கமில்லையா உனக்கு, காலை உடைத்தவன் தாயின் பெயரைச் சொல்லியா உன் பிள்ளையைக் கூப்பிடுவாய் என்று கேட்டேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக் கொடுத்தான். நேற்று வேன் வரும்போது கையில் வைத்திருந்தானாம். வியர்வையில் எழுத்து கலங்கியிருந்தது. அஞ்சலை என்று எழுதியிருந்தது.

"தலைவர் வந்தா இந்தச் சீட்டக் குடுக்கலாம்னு இருந்தேன்க்கா. அவரு வாயால நம்ம அம்மா பேரு வரணும்னு. அஞ்சு வருஷமா அதுக்குத்தான். நேத்து சின்னவருகிட்டக் குடுக்கலாம்னு பாத்தேன். சீட்டு மேல போவல, அவ்ளோ கூட்டம்."

அம்மா பெயரைத்தான் அவனும் நினைத்திருக்கிறான். அந்தப் பெயர் இந்த வீட்டுக்குள்ளேயே ஐந்து வருடமாக இருந்திருக்கிறது. பிள்ளை பிறந்த அன்றே யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சரி, இப்போதாவது வைக்கலாம், கிளம்பு என்றேன்.

"முடியாதுக்கா. ஊரு முன்னாடி, சின்னவர் மைக்கக் குடுத்து வெச்ச பேரு. மாத்துனா கட்சிய மதிக்கலன்னு ஆயிடும். எலெக்சன் நேரத்துல கூட்டணிக்குள்ள கலாட்டா பண்றான்னுவாங்க. நான் தலைவர் வளத்த ஆளு. அப்படி ஒரு பேரு எனக்கு வாணாம்."

சுமதியைப் பார்த்தேன். என்னைப் போன் போட்டுக் கூப்பிட்டவள் அவள்தானே. அவள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "ஏதோ ஒரு பேரு அண்ணி. ஸ்கூல்ல சேத்துக்குவாங்க. இன்னொருவாட்டி இதுக்காக நின்னு அழ என்னால முடியாது" என்றாள். இனிமேல் நான் யாருக்காகச் சண்டை போடுவது? பிள்ளைக்காகவாவது போடலாம் என்று அவள் பக்கம் திரும்பினால், அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தெருவிலிருந்த மூன்று பாப்பாக்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்கும் பேர் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். ஆட்டுக்குட்டியிடம் சொன்னாள். தண்ணீர்க் குழாயில் வரிசை நின்ற பெண்களிடம் சொன்னாள். அவர்கள் எந்தப் பூங்காவனம் என்று புரிந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயரில் குற்றமில்லை. நல்ல பெயர், எங்கள் பக்கத்துப் பெயர், சாமி பெயர். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஓட்டுப் போடுகிற நாளன்று நான் வாசலில் உட்கார்ந்து போகிறவர்களை வேடிக்கை பார்த்தேன். எல்லோரும் குளித்து, நெற்றியில் விபூதி பூசி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் போனார்கள். பினாங்கிலும் இப்படித்தான், புதுச்சட்டை போட்டுக்கொண்டு போவோம். யார் வந்தாலும் மறுநாள் மீன் விலை அப்படியேதான் இருக்கும், இருந்தாலும் போவோம். ஏழுமலை பள்ளிக்கூடத்து வாசலில் காலையிலிருந்து சாயங்காலம்வரை கட்சி வேலை பார்த்துவிட்டு, விரலில் மையோடு வந்தான். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன்.

"கட்சி சொன்னதுக்கு" என்றான். செம்பில் தண்ணீர் எடுத்துக் காலைக் கழுவினான். கழுவிய பிறகும் ரொம்ப நேரம் அந்த இடது காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான்.

அடுத்த வேலை நாளில் சுமதி அவனைப் பிடித்து இழுக்காத குறையாகப் பிறப்புச் சான்றிதழ் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன், அத்தை இல்லாமல் எப்படி என்று. ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் பெயர் என்ன என்று கேட்டாள். சுமதி ஏழுமலையைப் பார்த்தாள். ஏழுமலை மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான். பிள்ளைதான் ஜன்னல் கம்பியைப் பிடித்து எம்பி நின்று, பூங்காவனம் என்று சத்தமாகச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து நாங்கள் கரும்புச்சாறு குடித்தோம். இஞ்சி ஜாஸ்தி.

அந்த நாட்களில் எனக்கு இன்னொன்று தெரிந்தது. ஏழுமலை அந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பாப்பா, சாப்பிட வா. பாப்பா, செருப்புப் போடு. பிள்ளையோ இனி பாப்பாவுக்குத் திரும்புவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டாள். அவன் கூப்பிடுவான். அவள் காது கேட்காதவள் மாதிரி இருப்பாள். சுமதி நடுவில் புகுந்து, வாடி பூங்காவனம் என்பாள். உடனே ஓடுவாள். இப்படியே இரண்டு நாள் ஓடியது.

ஊருக்குத் திரும்புகிற நாள் என்னைப் பஸ் ஏற்றிவிட ஏழுமலை பிள்ளையோடு வந்தான். சென்னை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு ஒரே கூட்டம், ஓட்டுப் போட வந்தவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை எனக்குத் தண்ணீர் பாட்டிலும் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டையும் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தான். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் பிள்ளை இல்லை.

தூரத்தில் நின்றாள், பலூன்காரனுக்கு அருகே. நடுவில் பஸ்கள் பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தன. கண்டக்டர்கள் ரைட் ரைட் என்று தட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை பாப்பா என்று கூப்பிட்டான். எந்தெந்தப் பிள்ளையோ திரும்பியது. இவள் திரும்பவில்லை. கேட்காமல் இல்லை, தோள் அசைந்ததை நான் பார்த்தேன். மறுபடி பாப்பா என்றான். இன்னொரு பஸ் பின்வாங்கத் தொடங்கியது. அவனால் ஓட முடியாது. ஒரு எட்டு வைத்தான், கால் மடங்கியது, என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

"பூங்காவனம்!"

அந்தப் பழைய குரல். பஸ் ஸ்டாண்டே ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. பிள்ளை திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பாக, பஸ் ஓரமாக வளைந்து ஓடிவந்து அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

என் பஸ் கிளம்பியது. அவள் ஜன்னலுக்குக் கீழேயே கூட ஓடிவந்தாள்.

"அத்த, எங்கப்பா என்னப் பேரு சொல்லிக் கூப்புட்டாரு. கேட்டியா?"

"கேட்டேன்டி, நல்லாக் கூப்பிட்டாரு" என்றேன். ஏழுமலை அவள் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தபடி நின்றான்.